கிணற்று நீரும் சர்வகலாசாலைக் கருவியும்

கலவை முதல் ஆம்பூர் வரையுள்ள குடியானவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: உங்கள் கிணற்று நீரில் குரோமியம் எவ்வளவு? விடையறியும் சாதனம் அவர்கள் கையில் இல்லை. அளவு அறியாதவன் நியாயஸ்தலத்தில் என்ன வாதாட முடியும்?

தோல் பதனிடும் தொழிலால் பாலாற்றுப் பிரதேசத்துக்கு நேர்ந்த கேட்டைச் சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதியே கண்டித்து, கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டுமென்று விதித்தது. 2025 ஜனவரியில் அதே விஷயமாக மறுபடியும் தீர்ப்புக் கூற நேர்ந்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவோ லட்சம் டன்னுக்கு மேற்பட்டது.

குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாதென்பது நம் நாட்டு விதி. இவ்வளவு நுண்ணிய அளவைக் காண வல்லது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அணுக்களுக்கு மின்னேற்றி, அவற்றை எடைவாரியாகப் பிரிப்பது அதன் வேலை. 1919-ல் ஆஸ்டன் கேம்பிரிட்ஜில் அமைத்த கருவியின் வழிவந்தது அது. பழைய கருவியில் ஒரு குறையுண்டு. அதில் ஓடும் ஆர்கன் எடை 40. நீரிலுள்ள கரியின் எடை 12. இரண்டும் கூடினால் குரோமியத்தின் 52 ஆகிவிடும். போலியை ஹீலியத்தில் மோதவிட்டு விலக்கும் அறை புதிய கருவியில் உண்டு. மேலும், பதனிடப் பயன்படும் மூவிணைக் குரோமியம் வேறு, புற்றுநோய் தரும் ஆறிணைக் குரோமியம் வேறு. இவற்றைப் பிரித்தறிய முன்னால் ஒரு குரோமடோகிராப் பூட்ட வேண்டும். ஆகவே கருவியைப் புதுப்பிப்பது ஆடம்பரமன்று.

சென்னையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே என்பர் சிலர். உண்மையே. ஆயினும் தொட்டுப் பாராத கருவியில் எந்த மாணவன் தேர்ச்சி பெறுவான்? சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் சர்வகலாசாலையின் ரசாயன மாணவர்கள் இந்த ஜில்லாக்களின் பிள்ளைகள். தங்கள் ஊர்த் தண்ணீரைத் தாங்களே அளந்து படிக்கட்டும்.

செலவு அதிகமென்பதை நாம் மறுக்கவில்லை. வாங்கும் பணம் மட்டும் போதாது. வாயு, பழுதுபார்ப்பு, தேர்ந்த உத்தியோகஸ்தர் ஆகியவற்றுக்கும் பத்து வருஷத்துக்கான நிதி வேண்டும். இன்றேல் கருவி துணி போர்த்திய பொம்மையாகும். 2023-ஆம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு உதவ வேண்டும். தோல் முதலாளிகளும் பங்கு தரலாம். ஆறிணைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கண்ட தோல் சரக்கை 2015 முதல் ஐரோப்பா ஏற்பதில்லை. எனவே இது அவர்களுக்கும் நலமே.

மாதமொரு நாள் கிராமத்தார் கொணரும் நீரை இலவசமாகச் சோதித்து, முடிவைத் தமிழில் ஊர்ச் சாவடியில் ஒட்டுவதென்ற நிபந்தனையும் வேண்டும். சர்க்கார் இனியும் தாமதித்தல் தகாது.