26 என்று இருந்தால் மட்டும் போதாது

போன கிழமை என் வகுப்புப் பிள்ளை ஒருவர் முழங்கை உரிந்து, முதலாம் பாடம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். சைக்கிளுக்குப் புது டயர் போட்டு மூன்றே நாள். பாலத்தால் இறங்கும்போது டியூப் வெடித்து, முன் டயர் ரிம்மை விட்டே கழன்றிருக்கிறது. பின்னால் வந்த பஸ் சாரதி நேரத்துக்கு பிரேக் பிடித்தார், அல்ஹம்துலில்லாஹ்.

வாப்பா கடைக்காரரை ஏசுகிறார், கடைக்காரர் டயரை ஏசுகிறார். பின்னேரம் போய்ப் பார்த்தேன். டயரில் பிழை இல்லை.

2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் வளவு மூலையிலிருந்து தூசி தட்டி எடுத்த பழைய சைக்கிள் அது. ரிம் 26 × 1 1/2. போட்ட டயர் 26 × 1 3/8. இரண்டும் 26தானே என்று மாட்டிவிட்டார்கள். ஆனால் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் முதலாவதில் 584 மில்லிமீற்றர், இரண்டாவதில் 590. "கையாலேயே சுகமா ஏறிச்சு சேர்" என்றார் கடைத் தம்பி. பயப்பட வேண்டியதே அதற்குத்தான். டயரின் பக்கத்தில் 37-590 என்பது போல சின்னதாக ஓர் எண் இருக்கும். பின்னால் வரும் மூன்று இலக்கம் பழைய டயரிலும் புதியதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்க்க ஒரு நிமிடம் போதும்.

காற்றும் அப்படித்தான். டயரில் போட்டிருக்கும் PSI அந்த டயர் தாங்கும் அளவு. நம் பழைய இரும்பு ரிம்கள் பலவற்றில், டயரின் கம்பி விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் உள்மடிப்பு கிடையாது. கூடக் காற்று அடித்தால் விளிம்பு ஏறிக் கழன்றுவிடும். துருப்பிடித்திருந்தால் சொல்லவே வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாயை வைத்தால் சைக்கிள் டியூப் சில நொடியில் நிரம்பிவிடும், நிறுத்தக் கை பிந்தும். என் பழைய சைக்கிளுக்கு முன்னுக்கு 40, பின்னுக்கு 50, அதுவும் கைப்பம்பால்தான்.

"சைக்கிள்தானே சேர், இதுக்கெல்லாம் அளவா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் டயரை இப்படிக் கண்மதிப்பில் மாற்ற விடுவீர்களா? சைக்கிளில் போவது பிள்ளை என்பதால் மலிவாகப் போய்விட்டதா? கடைக்காரர்களையும் கேட்கிறேன்: அளவு இல்லாவிட்டால் "இல்லை" என்று சொல்லுங்கள். பொருந்தாததை மாட்டி அனுப்பாதீர்கள்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் காற்று அளக்கும் கருவியோடு நிற்பேன். பழைய சைக்கிள் உள்ள பிள்ளைகளைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள்.