வினைச்சொல்லை எந்த இடத்தில் விடுவது?



மாணவர் ஒருவர் "மணி தேநீர் குடித்தான்; வள்ளி காப்பி குடித்தாள்" என்றெழுதினால், இரண்டாம் வினைமீது சிவப்பு மையால் கோடிழுத்துக் ‘கூறியது கூறல்’ என்று குறித்துவிடும் வழக்கம் நம் ஆசிரியர் சிலரிடம் உண்டு. நன்னூல் பத்துக் குற்றங்களுள் ஒன்றாகச் சுட்டும் கூறியது கூறல், முன்னர்ச் சொன்னதையே பயனின்றி மீண்டும் சொல்வதாகும். இங்கே வந்திருப்பதோ வேறொருவர் செய்த வேறொரு செயல். இதனைக் குற்றமென்பது பொருந்தாது என்பதே என் கருத்து.

இந்தச் சிவப்புக் கோடு ஆங்கில வழக்கின் நிழல் என்றே நினைக்கிறேன். "மணி டிரிங்க்ஸ் டீ, அண்ட் வள்ளி காஃபி" என்று ஆங்கிலத்தில் எழுதலாம். இரண்டாம் பகுதியில் வினை இல்லை. "ஐ ஆம் எ டீச்சர், அண்ட் ஹி எ டாக்டர்" என்பதும் செல்லும். விடுபட்டது ‘இஸ்’, முன்னே நிற்பது ‘ஆம்’. வடிவம் மாறினாலும் ஆங்கிலம் பொறுத்துக்கொள்கிறது.

சீனமொழிக்கும் சொல்லொழுங்கு அதேதான்: எழுவாய், வினை, செயப்படுபொருள். எனவே அங்கும் இவ்வாறே விடலாமென்று தோன்றும். ஆனால் "வோ ஹ ச்சா, தா ஹ காஃபேய்" (நான் தேநீர் குடிக்கிறேன், அவர் காப்பி குடிக்கிறார்) என்பதில் இரண்டாவது ‘ஹ’வை நீக்கினால், தொடர் குறைபட்டு நிற்பதாகவே சீனர் பெரும்பாலோர் கருதுவர். எழுவாயையும் செயப்படுபொருளையும் தாராளமாக விட்டுவிடும் மொழி, வினையை மட்டும் இறுகப் பற்றிக்கொள்கிறது! அளவுப் பெயர் வந்தால் மட்டும் பிடி சற்றே தளர்கிறது. "வோ ஹலே லியாங் பேய் ச்சா, தா சான் பேய்" (நான் இரண்டு குவளை தேநீர் குடித்தேன், அவர் மூன்று குவளை) என்பது இயல்பாக ஒலிக்கும். சீன வினை எண்ணுக்கும் இடத்திற்கும் ஏற்பத் திரிவதே இல்லை. ஆகவே வினைத்திரிபைக் காட்டி இதனை விளக்கவும் இயலாது. அந்தந்த மொழியின் இயல்பு என்றே கொள்ளவேண்டியுள்ளது.

தமிழ் வேறு வழியிற் செல்கிறது. ஜான் ராஸ் என்னும் அமெரிக்க மொழியியலாளர் 1970இல் வெளிவந்த கட்டுரையில், விடுபடும் வினை முன்பகுதியதா பின்பகுதியதா என்பதைச் சொல்லொழுங்கோடு தொடர்புபடுத்தினார். வினை இறுதியில் நிற்கும் நம் மொழியில், முதற்பகுதியின் வினையை விட்டு, "மணி தேநீரும் வள்ளி காப்பியும் குடித்தனர்" என்கிறோம். ஒரு சொல் ஓரிடத்தில் நின்று பல இடத்தும் பொருள் தருவதைத் தண்டியலங்காரம் தீவக அணி என்று முதல், இடை, கடை எனப் பிரித்துக் காட்டுகிறது. நம் உரைநடை பெரிதும் விரும்புவது கடைநிலையை. "மணி தேநீர் குடித்தான், வள்ளி காப்பி" என்பது பேச்சில் வரும். கட்டுரையில் சற்று மொட்டையாக நிற்கும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் வினைமுற்று திணை, பால், எண், இடம் யாவற்றையும் சுமக்கிறது. "நான் தேநீரும் நீ காப்பியும்" என்று தொடங்கிய மாணவர் எந்த முற்றால் முடிப்பார்? ‘குடித்தோம்’ என்றால் இருவரும் இரண்டையும் பகிர்ந்து குடித்ததுபோல் மயங்கும்; ‘குடித்தாய்’ என்றால் ‘நான்’ தனித்து நிற்கும். "நான் தேநீர் குடித்தேன், நீ காப்பி குடித்தாய்" என்பதே தெளிவு. இந்தத் தெளிவை நாடி எழுதிய குழந்தையின் மதிப்பெண்ணையா குறைப்பது?

சீனப் பாலர் பள்ளியில் பயின்று நம்மிடம் வரும் பிள்ளைகளும் இப்போது உளர். அவர்கள் வினையை மீண்டும் எழுதினால், சிவப்பு மையை எடுக்குமுன், எழுவாய் இரண்டும் ஒரே முற்றை ஏற்குமா என்று மட்டும் பாருங்கள். ஏற்குமாயின் ‘உம்’ சேர்த்து இணைக்கும் முறையைப் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். ஏற்காதாயின் அப்படியே விட்டுவிடுங்கள்.