மஹால்கள் போதும், டீச்சர்கள் வேண்டும்!

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வியாபாரிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மூன்று மாத வியாபாரத்தை வைத்து ஆண்டுக் கணக்கைச் சரிக்கட்டுகிற சகோதரர்களே! அதே ஜூன், ஜூலையில்தான் உங்கள் வீட்டுப் பெண் பிள்ளையின் படிப்புக் கணக்கும் முடிக்கப்படுகிறது. என்றாவது கவனித்தீர்களா?

பெண்ணை டிகிரி வரை படிக்க வைப்பதில் நமக்கு இப்போது தயக்கம் இல்லை. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. கோயில் நிர்வாகத்தின் கீழ் வந்த கல்லூரி அது. நம் பெண் பிள்ளைகளும் அங்கே படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். கடையநல்லூரிலும் சுரண்டையிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. பிள்ளை பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வந்து, "டீச்சராகணும்" என்கிறாள். அதற்கு பி.எட். வேண்டும். 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. மூன்றும் இரண்டும் ஐந்து!

இந்த இடைவெளியில்தான் பெண் கேட்டு வருகிறார்கள். "மிச்சத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு படிக்கட்டுமே" என்று மாப்பிள்ளை வீட்டாரும் பெருந்தன்மையாகச் சொல்வார்கள். மாப்பிள்ளை சபர் போவார், குழந்தை பிறக்கும், பி.எட். விண்ணப்பம் பீரோவில் கிடக்கும். பட்டத்துக்கும் பயிற்சிக்கும் நடுவே விழுந்திருக்கும் அந்தப் பள்ளத்தில் எத்தனை டீச்சர்களை நாம் தொலைத்தோம் என்று உங்கள் தெருவில் மட்டும் எண்ணிப் பாருங்கள்.

பள்ளத்தை மூட வழி இல்லையா? இருக்கிறது. அதுவும் புதிதல்ல. பள்ளிப் படிப்பு முடித்தவுடன் பட்டமும் பயிற்சியும் சேர்ந்த நான்காண்டுப் படிப்பு குருக்ஷேத்திரப் பல்கலைக்கழகத்தில் 1960-லேயே தொடங்கியது. 1963-ல் மைசூரில் மண்டலக் கல்வியியல் கல்லூரி வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே உண்டாக்கப்பட்டது அது. அங்கே நடப்பதைப் பாருங்கள்: பாடம் நடத்துவது கல்லூரி, பட்டம் கொடுப்பது மைசூர்ப் பல்கலைக்கழகம், மாணவி நின்று கற்பித்துப் பழகுவது வளாகத்திலேயே உள்ள மாதிரிப் பள்ளி. மூவரும் கூட்டு! கூட்டு வியாபாரம் தெரிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதற்கு இன்னொரு வடிவம். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள, குறைந்த கட்டணம் வாங்கும் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு. பிறகு ஒப்பந்தம் செய்துகொண்ட பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு. கடைசியில் ஒரே பட்டம், ஆசிரியர் தகுதி. (நாம் 'சமுதாயம்' என்றால் நம் ஜமாஅத்தை நினைப்போம். அவர்கள் சொல்வது ஊர் மக்கள் அத்தனை பேரையும்.) 1901-ல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய முறை, ஏழை வீட்டுப் பிள்ளையை ஊரை விட்டுப் பெயர்க்காமல் பாதிப் படிப்பை முடிக்க வைக்கிறது.

நம் நாட்டில் 2023-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டத்தை 57 கல்வி நிறுவனங்களில் முதற்கட்டமாகத் தொடங்கியது. அதில் நமக்குச் சங்கடமும் உண்டு. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழில் எழுதலாம் என்றாலும், கோச்சிங் இல்லாத வடகரைப் பிள்ளைக்கு அது இன்னொரு சுவர்தான். புதிய கல்விக் கொள்கையோடு ஒட்டி வந்ததால் தமிழக அரசியலில் அதற்கு எதிர்ப்பும் இருக்கிறது, நியாயமான எதிர்ப்பு. ஆனால் கொள்கையை எதிர்ப்பதும், நான்காண்டுப் படிப்பே வேண்டாம் என்பதும் ஒன்றா? மைசூர் கல்லூரி அந்தக் கொள்கைக்கு ஐம்பத்தேழு ஆண்டு மூத்தது!

நிஜமான முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. நம் பகுதிக் கல்லூரிக்கு பி.எஸ்ஸி. பட்டம் கொடுப்பது 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பி.எட். பட்டம் கொடுப்பதோ 2008-ல் அதற்கென்றே உண்டாக்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். ஒரே மாணவி, இரண்டு பல்கலைக்கழகம்! இரண்டும் உட்கார்ந்து பேசி, குற்றாலம் போன்ற ஒரு கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டு, தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் கூட்டுச் சேருவதற்கு யுஜிசி 2022-ல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. கேட்பார்தான் இல்லை.

"நாமே ஒரு பி.எட். கல்லூரி கட்டிவிடலாமே" என்று தனவந்தர் ஒருவர் எழுந்து சொல்வார். வேண்டாம் ஐயா! உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா குழு, ஆசிரியர் பயிற்சி தனியே ஒதுங்கி நிற்காமல் மற்றத் துறைகளும் உள்ள வளாகத்தில் நடக்க வேண்டும் என்று 2012-லேயே சொல்லிவிட்டது. ஊருக்கு இரண்டு மஹால் கட்டி மாதத்தில் பாதி நாள் பூட்டி வைத்திருக்கிறோமே, அந்த வரிசையில் பூட்டிய கல்லூரி ஒன்றும் சேர வேண்டுமா?

இப்போது அவசரம் என்ன என்று கேட்கிறீர்களா? 2012-ல் தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு நடந்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியரும் இரண்டு ஆண்டுக்குள் அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. தீர்ப்பு எப்படியும் வரட்டும். நம் பள்ளிகள் விலக்கை மட்டும் நம்பி நிற்பது எத்தனை நாளைக்கு? பயிற்சி இல்லாத பெண்ணைக் கடைப் பையனுக்குத் தருவதைவிடக் குறைந்த சம்பளத்தில் அமர்த்தி, "நம் பள்ளி" என்று போர்டு மாட்டுகிறவர்கள் நம்மிடையே இல்லையா? 2007-ல் போராடிப் பெற்ற 3.5 சதவிகித இட ஒதுக்கீடு அரசுப் பள்ளி வேலைக்கும் உண்டு. அதில் உட்காரத் தகுதியோடு ஆள் வேண்டுமே!

இளைஞர்களே, இது பெண்களுக்கு மட்டும் என்று விசா பேப்பரைப் புரட்டப் போய்விடாதீர்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் ஆண் ஆசிரியரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகிகளே! பி.எட். மாணவர் இருபது வாரம் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். அந்தப் பள்ளியை நாம் தர முடியும். கூட்டில் நம் பங்கு அதுதான். தென்காசி, கடையநல்லூர், வடகரை, செங்கோட்டையில் எந்தப் பள்ளியில் எத்தனை வகுப்பு, எத்தனை பயிற்சி மாணவியரை ஏற்க முடியும், பஸ் வசதி என்ன, பைத்துல்மாலிலிருந்து எத்தனை பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன் தர முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான்கு ஊர் ஜமாஅத்தும் கையெழுத்திட்டு, அதை முதலில் கல்லூரி முதல்வரிடமும், பிறகு அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகப் பதிவாளரிடமும் கொண்டுபோய்க் கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல். கடையை அடைத்துவிட்டு உடன் வர நான்கு வியாபாரிகள் போதும். சாரல் முடிந்த மறு வாரமே போகலாம்.