"எதையும் தின்பவர்கள்" என்றொரு மக்கள் இல்லை

சென்ற ஞாயிறன்று, தில்லியில் நாங்கள் நால்வர் பகிர்ந்து வாழும் வாடகை வீட்டில் சீன முறை மாட்டிறைச்சிச் சுருள் செய்தேன். இறைச்சி வெந்துகொண்டிருந்தபோது, முனைவர் பட்ட ஆய்வாளரான நண்பர் ஒருவர் எட்டிப் பார்த்து, "சீனர்கள்தான் எதையும் தின்பார்களே" என்றார். மற்றொருவர் எனக்குப் பரிந்து பேசுவதாக எண்ணி, "விடுங்கள், அது அவர்கள் பண்பாடு" என்றார். இரண்டும் பிழையான கூற்றுகள். முதலாவது இழிவு செய்கிறது. இரண்டாவது அவ்விழிவைக் கனிவோடு ஏற்றுக்கொள்கிறது. ஒரு மக்கள்கூட்டத்தின் உணவு அதன் பிறவிக் குணம் என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

முதலில் மொழியைப் பார்ப்போம். சீனத்தில் 'ரோ' என்றால் இறைச்சி. அடைமொழி இல்லாமல் ஆண்டால் அது பெரும்பாலும் பன்றியிறைச்சியைக் குறிக்கும். மாட்டிறைச்சியைச் சுட்ட 'நியூரோ' என்றே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பல வீடுகளில் "கறி எடுத்து வா" என்றால் ஆட்டுக்கறிதான். மாட்டுக்கறியைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். மொழியியலில் முன்னதைக் குறியிலா வடிவம் என்றும் பின்னதைக் குறியுறு வடிவம் என்றும் படித்திருக்கிறோம். எது இயல்பான இறைச்சி, எது தனித்துச் சுட்ட வேண்டிய இறைச்சி என்ற தேர்வு இரு மொழிகளிலும் பதிந்திருக்கிறது. தேர்வு இருக்கும் இடத்தில் 'எதையும்' என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

சொல்வழக்கு மட்டும் போதாது என்பீர்களானால், வரலாறு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தாங் பேரரசுச் சட்டத் தொகுப்பில், ஒருவர் தம் சொந்த மாட்டை வேண்டுமென்றே கொன்றாலும் ஓராண்டுக் கட்டாய உழைப்புத் தண்டனை உண்டு. மாடு உழவுக்குரியது, அதைக் கொல்வது விளைச்சலைக் கெடுப்பது. பின்வந்த அரசுகளும் தடைகளைத் தொடர்ந்தன. உழைத்த மாட்டை உண்பது நன்றிகெட்ட செயல் என்று அறநூல்கள் போதித்தன. சீனத்தின் மாட்டிறைச்சி விலக்கைப் பற்றி வின்சென்ட் கூசேர் 2005இல் ஒரு முழு நூலே வெளியிட்டிருக்கிறார். "பசுவை மதிப்பவர்கள் நாம், எதையும் தின்பவர்கள் அவர்கள்" என்று பேசுவோருக்கு இச்செய்தி உவப்பாக இராது.

அப்படியானால் மாட்டிறைச்சிச் சமையல் அங்கே எப்படி வளர்ந்தது? பன்றியை விலக்கிய ஹுய் முஸ்லிம்கள் அதைப் பேணி வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள். லான்ஜோ நகரின் புகழ்பெற்ற மாட்டிறைச்சி நூடுல்ஸ் அவர்களுடையது. தைவானின் உழவர் குடும்பங்கள் பலவும் மாட்டிறைச்சியைத் தவிர்த்தே வந்தன. 1949க்குப் பின் பெருநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்களோடு வட சீனக் கோதுமை உணவுகளும் மாட்டிறைச்சி நூடுல்ஸும் அத்தீவில் பரவின. விலக்கை உண்டாக்கியது ஏர்; அதைத் தளர்த்தியவை சமயமும் இடப்பெயர்வும்.

என் அடுப்பிலும் சட்டம் இருந்தது. தில்லியின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றுக்குப் பொருந்தும், எருமைக்குப் பொருந்தாது. ஆகவே நான் வாங்கியது எருமைக்கறி. சீனத்தில் எருமையின் பெயர் 'ஷுய்நியூ', அதாவது நீர்மாடு; எனவே இதுவும் நியூரோதான்.

செய்முறை எளிது. கால்பகுதித் தசையைச் சோயா சாஸ், இஞ்சி, அன்னாசிப்பூ, பட்டை, சிறிது சர்க்கரை சேர்த்து இரண்டரை மணிநேரம் சிறுதீயில் வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே ஆறவிட்டு, மெல்லிய வில்லைகளாக அரிய வேண்டும். மைதாவை வெந்நீரில் பிசைந்து அரைமணிநேரம் ஊறவிட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி, வெங்காயத்தாள் தூவிச் சுருட்டி, பரோட்டாவைப் போல வட்டமாகச் சுற்றி, மீண்டும் தேய்த்துத் தோசைக்கல்லில் சுட வேண்டும். அதன்மேல் இனிப்பான ஹாய்சின் சாஸைத் தடவி, இறைச்சி, வெள்ளரி, கொத்தமல்லித்தழை வைத்து இறுகச் சுருட்டினால் ஆயிற்று. நம்மூர்ப் பரோட்டா மாஸ்டர் எவரும் இதை ஒரே முறை பார்த்துக் கற்றுக்கொள்வார்.

ஒரு சமையலறைப் பேச்சுக்கு இத்தனை மறுப்பு எதற்கு என்று கேட்கலாம். 2020இல் பெருந்தொற்று தொடங்கியபோது, இதே தில்லியின் தெருக்களில் வடகிழக்கு மாநில மாணவர்களைக் "கொரோனா" என்று விளித்தார்கள். முகத்தைப் பார்த்து உணவையும், உணவைப் பார்த்து நோயையும் முடிவு செய்த அந்த வசைக்குப் பின்னால் இருந்தது இதே வாக்கியந்தான். அதைச் சொன்னவர்களில் தமிழ் பேசும் ஆய்வாளர்களும் இருந்தார்கள். தலைநகரில் நம்மையும் நம் உணவையும் ஏளனம் செய்யும்போது கொதிப்பவர்கள் அவர்கள்.

கருத்தரங்குகளில் சாராம்சவாதத்தைக் கண்டித்துக் கட்டுரை படிக்கிறோம். அந்தக் கண்டனம் சமையலறை வாசலோடு நின்றுவிட்டால், நாம் படித்தது தேர்வுக்கு மட்டுமே பயன்பட்டது என்று பொருள். பின்குறிப்பு: அன்று செய்த எட்டுச் சுருள்களில் மூன்றை உண்டவர், "எதையும் தின்பார்களே" என்ற அதே நண்பர்.