தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நிரல்

நினைவகச் சாதனத்தில் எந்த ஃபர்ம்வேர் பதிப்பு ஓடுகிறது என்று கேட்டுத் திரையில் எழுதும் நிரலுக்கு நம் துறையில் மதிப்புக் குறைவு. படித்துக் காட்டுவதுதானே என்று மீளாய்வாளர்களும் மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் தந்துவிடுகிறார்கள். ஆனால் எந்தச் சேவையகத்தை நிறுத்துவது, பாதுகாப்புத் திருத்தம் ஏறிவிட்டதா என்பதையெல்லாம் தரவு மையத்தில் இருப்பவர் அந்த ஒரு வரியை நம்பித்தான் தீர்மானிக்கிறார். அங்கே தவறு நேர்ந்தால் கணினி நின்றுபோகாது, எச்சரிக்கையும் வராது. பொய்யான பதிப்பு எண் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

செயலியோடு அதிவேக இணைப்பில் சேரும் சிஎக்ஸ்எல் (CXL) நினைவகத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபர்ம்வேர் விவரம் கேட்கும் கட்டளைக்கு 80 பைட் பதில் வருகிறது. முதல் பைட், சாதனத்தில் ஃபர்ம்வேரை வைக்கும் ஸ்லொட்டுகள் எத்தனை உண்டு என்று சொல்லும். 4க்கு மேல் இராது. இரண்டாவது பைட்டின் கீழ் 3 பிட்டில் இப்போது இயங்கும் ஸ்லொட்டின் எண்ணும், அடுத்த 3 பிட்டில் அடுத்த மீள்தொடக்கத்தில் இயங்கக் காத்திருக்கும் ஸ்லொட்டின் எண்ணும் இருக்கும். நிறுத்தாமலே புதிய ஃபர்ம்வேருக்கு மாற முடியுமா என்பதை மூன்றாவது பைட்டின் ஒரு பிட் சொல்லும். பிறகு 13 பைட் ஒதுக்கம். கடைசியில் ஸ்லொட்டுக்கு 16 பைட் வீதம் நான்கு பதிப்புப் பெயர்கள்.

இவ்வளவு சின்ன அட்டவணைக்குள் எத்தனை பொறிகள்! பதிப்புப் பெயர் 16 பைட்டையும் நிரப்பிவிட்டால் இறுதியில் சுழிய எழுத்துக்கு இடமில்லை. அதைச் சாதாரணச் சரமாக அச்சிடும் நிரல் அடுத்த ஸ்லொட்டின் பெயரையும் சேர்த்து வாசிக்கும். நான்காவது ஸ்லொட் என்றால் பதிலின் எல்லையையே தாண்டும். நிரலை எழுதியவர் 17 பைட் இடம் ஒதுக்கி, கடைசி பைட்டைச் சுழியமாக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். காத்திருக்கும் ஸ்லொட் 0 என்றால் எதுவும் காத்திருக்கவில்லை என்று பொருள். அதைச் சுழியாவது ஸ்லொட் என்று அச்சிடக் கூடாது. இரண்டே ஸ்லொட் உள்ள சாதனத்துக்கு மூன்றாவதன் பெயரைக் காட்டவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கட்டளை தோற்றுப்போகும் பாதை. சாதனம் பதிலே தராதபோது நிரல் வெற்றுப் பெயரையோ 0 என்ற எண்ணையோ எழுதினால், பார்ப்பவர் அதைச் சாதனத்தின் பதிலாகவே எடுத்துக்கொள்வார். அந்த விவரத்தைக் காட்டாமல் விடுவதே நேர்மை.

கணினியின் வன்பொருள் விவரங்களைத் தரும் எஸ்எம்பயோஸ் (SMBIOS) அட்டவணையிலும் இதே கதைதான். நினைவகத்துக்கான அதன் 17ஆம் வகைப் பதிவில் ஃபர்ம்வேர் பதிப்புக்கான புலம் 2018இல் வந்த 3.2 பதிப்பில்தான் சேர்ந்தது. தொடக்கத்திலிருந்து 43 பைட் தள்ளி இருக்கிறது. பழைய கணினிகளில் அந்தப் பதிவு அவ்வளவு நீளமே இல்லை. நீளத்தைச் சரிபார்க்காமல் வாசித்தால் வேறெதையோ பதிப்பு என்று சொல்லிவிடுவோம்.

இலங்கை மலையகத்தின் கொத்மலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பொறுப்பு புதிதல்ல. 1998இல் யுனெஸ்கோவின் துணையோடு கொத்மலை சமூக வானொலிக்கு இணையம் வந்தபோது, நேயர்கள் கேட்டதை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி ஒலிபரப்பிலேயே விளக்கினார்கள். திரையைக் காணாத நேயருக்கு அறிவிப்பாளரின் சொல்லே ஆதாரம். சாதனத்தின் உள்ளே பார்க்க முடியாதவருக்கு நம் நிரலும் அப்படித்தான்.

சிஎக்ஸ்எல் வன்பொருள் கையில் இல்லையே என்று மலையக இளைஞர்கள் தயங்க வேண்டியதில்லை. க்யூஎமு மென்பொருள் அத்தகைய நினைவகச் சாதனத்தைப் போலியாக உருவாக்கித் தரும். லினக்ஸ் கருவின் மூலத்திலேயே சிஎக்ஸ்எல்லுக்கான சோதனைத் தொகுதியும் இருக்கிறது. பதிலின் பைட்டுகளை வேண்டியபடி மாற்றி, 16 எழுத்தும் நிரம்பிய பெயரையும் தோற்றுப்போகும் கட்டளையையும் மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். 2004 சுனாமிக்குப் பின் சகானா என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளை உருவாக்கிய நாடு இது. உலகம் பயன்படுத்தும் திறந்த மூல நிரலில் நம் கைக்கு இடமுண்டு.

மீளாய்வு செய்பவர்களிடம் இரண்டை மட்டும் கண்டிப்பாகக் கேட்கிறோம். மீளாய்வுக் குறிப்பில் "சரியாக இருக்கிறது" என்று எழுதி நிறுத்தாதீர்கள். விவரக்குறிப்பின் எந்தப் பதிப்பில் எந்த அட்டவணையோடு ஒப்பிட்டீர்கள், எந்தத் தோல்வியை ஓட்டிப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். வெளியீட்டில் புலங்களுக்கு வைக்கும் பெயர்களையும் அப்போதே கேள்வி கேளுங்கள். பிறருடைய ஸ்கிரிப்டுகள் அவற்றை நம்பத் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது.