பேரி செய்தது சரியா? கேட்கும் பிள்ளையின் வாயை ஏன் அடைக்கிறோம்?



சென்ற வாரம் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் மேற்பார்வைப் பணியில் இருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவர் நால்வர், தட்டிலிருந்த மீகூனை மறந்து உரத்த குரலில் வாதிட்டுக் கொண்டிருந்தனர்.

"அம்மாவைக் காப்பாத்துனது எப்படித் தப்பாகும்?" என்றான் ஒருவன்.

"அப்போ சிஸ்கோவோட அண்ணன் மட்டும் சாகலாமா?" என்று மடக்கினாள் ஒரு மாணவி.

'தி ஃபிளாஷ்' தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய வழக்கு அது. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குள் உடன் பணியாற்றும் ஒருவர் வந்து, "இதெல்லாம் சோதனையில் வரப்போகிறதா? வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள்" என்று அதட்டினார். நால்வரும் தலை குனிந்தனர். அந்த அதட்டலைக் கண்டிக்கவே இதை எழுதுகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2014 முதல் 2023 வரை 9 பருவங்கள் ஒளிபரப்பான தொடர் இது. மின்னலென ஓடும் ஆற்றல் பெற்ற பேரி ஆலன் என்ற இளைஞனே நாயகன். அவனுக்கு 11 வயதாக இருந்தபோது (நம் ஐந்தாம் ஆண்டு மாணவரின் வயது!) அவன் தாய் நோரா வீட்டிலேயே கொல்லப்படுகிறாள். கொலைப்பழி தந்தை ஹென்றியின் மேல் விழுகிறது. அவர் சிறை செல்கிறார். பிற்காலத்தில், காலத்தையே கடந்து ஓடித் தாயைக் காப்பாற்றும் வாய்ப்பு பேரிக்குக் கிட்டுகிறது. வளர்ப்புத் தந்தை ஜோ, "போ, காப்பாற்று" என்கிறார். செய்யாத குற்றத்திற்குச் சிறையில் வாடும் பெற்ற தந்தையோ, "வேண்டாம்" என்கிறார். இவ்விருவருள் யார் பக்கம் நியாயம்? இதற்கே ஒரு பாடவேளை போதாது.

முதற்பருவத்தின் இறுதியில் பேரி அந்த இரவுக்குச் சென்றும் காப்பாற்றாமல், இறந்துகொண்டிருக்கும் தாயிடம் விடைபெற்றுத் திரும்புகிறான். 2016-இல், இரண்டாம் பருவத்தின் முடிவில், தந்தையும் கண்முன்னே கொல்லப்பட்ட துயரத்தில் மீண்டும் ஓடுகிறான்; இம்முறை தாயைக் காப்பாற்றிவிடுகிறான். உலகமே தடம் மாறுகிறது. வேறு வழியின்றி, சிறைப்பிடித்து வைத்திருக்கும் கொலைகாரனையே விடுவித்து, பழைய நிகழ்வை மறுபடி நிகழ்த்தச் சொல்கிறான். எத்தகைய கொடுமை பாருங்கள்! அதன் பின்னும் எல்லாம் பழையபடி ஆகவில்லை. நண்பன் சிஸ்கோவின் அண்ணன் உயிரோடு இல்லை. இன்னொரு நண்பன் ஜான் டிகலுக்கு மகள் இருந்த இடத்தில் இப்போது மகன் இருக்கிறான். அந்த மகள் சாகவில்லை; அவள் பிறந்ததாகவே வரலாறு இல்லை. உடைந்த கோப்பையை ஒட்டினாலும் அது பழைய கோப்பை ஆகாது என்று ஜே கேரிக் என்னும் மூத்தவர் பேரிக்கு உடைத்தே காட்டுகிறார்.

அண்ணனை மீட்டுத் தரும்படி சிஸ்கோ வேண்ட, பேரி மறுத்ததாகக் கதை நகர்கிறது. தன் தாய்க்காகக் காலத்தைக் கலைத்தவன், நண்பனின் அண்ணனுக்காகக் கலைக்க மறுக்கிறான். பட்டறிந்து திருந்தியவனின் மறுப்பா, தன்னலக்காரனின் மறுப்பா? அந்த மாணவி பிடித்துக்கொண்ட நூல் இதுதான். பத்து, பதினொரு வயதுப் பிள்ளை தானாக இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். நாமோ மீகூன் ஆறிவிடுகிறதே என்று கவலைப்படுகிறோம்!

நாள் பாடத்திட்டத்தில் 'உயர்நிலைச் சிந்தனைத் திறன்' என்று நாள் தவறாமல் எழுதுகிறோமே, அது எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்? நன்னெறிக் கல்விப் பாடத்தில், பணப்பையைக் கண்டெடுத்தவன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முப்பது பேரும் ஒரே வாக்கியத்தை எழுதுகின்றனர். விடை கேள்வியிலேயே இருக்கிறது. யோசிக்க என்ன இருக்கிறது? யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் அரசு கைவிட்டது. அத்தேர்வுக்காக நாம் பழகிய 'ஒரு கேள்வி, ஒரு விடை' என்ற பழக்கத்தை நாம் கைவிட்டோமா?

தொடரில் வன்முறை இருக்கிறது, கண் கெடுகிறது, உறக்கம் கெடுகிறது என்பார்கள். உண்மைதான். எத்தனை மணி நேரம் பார்ப்பது என்பதைப் பெற்றோர் கட்டுப்படுத்தட்டும். நான் பேசுவது பார்த்த பின் எழும் வாதத்தைப் பற்றி.

அந்த வாதம் எப்போதும் அழகாகவே இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. இரசிகர்கள் முதலில் கட்சி சேர்ந்துவிட்டுப் பிறகுதான் காரணம் தேடுகிறார்கள். நாயகன் உலகையே குலைத்தாலும் 'பாவம், அம்மா பாசம்' என்று இரங்கும் சிலர், ஐரிஸ் எடுக்கும் சிறு முடிவுக்கும் சீறி விழுகின்றனர். ஐரிஸாக நடித்த கேண்டிஸ் பேட்டன் கறுப்பினத்தவர் என்பதற்காகவே இழிவுரைகளுக்கு ஆளானார். அதை அவரே பொதுவில் கூறியிருக்கிறார். நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தின் பேச்சைக் கேட்டுத்தான் வளர்கின்றனர். அப்படியிருக்க, "இதே காரியத்தை ஐரிஸ் செய்திருந்தால் என்ன சொல்வாய்?" என்று அருகில் அமர்ந்து கேட்க ஓர் ஆசிரியர் வேண்டாமா? வாயை மூடு என்றால் பிள்ளை பேச்சை நிறுத்துவதில்லை; நாம் இல்லாத இடத்தில் போய்ப் பேசுகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், அதட்டிய அந்த நண்பர் பட்டிமன்றப் பேச்சாளர். அண்ணன் செய்தது தவறென்று தெரிந்தும் அவன் பக்கமே நின்று மடிந்த கும்பகருணன் உயர்ந்தவனா, அறத்தை நாடி அண்ணனை விட்டு அகன்ற வீடணன் உயர்ந்தவனா என்று இரண்டு அணிகளிலும் பேசிக் கைத்தட்டல் வாங்கியவர். கம்பன் காப்பிய மாந்தரின் முடிவுகளைப் பெரியவர்கள் மேடையில் அலசினால் அது இலக்கியம். அதையே பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த கதையில் செய்தால் வெட்டிப் பேச்சா? கம்பனும் ஃபிளாஷும் ஒன்று என்று நான் சொன்னதாகத் தயவுசெய்து யாரும் கிளப்பிவிட வேண்டாம். தொடரின் பிற்பகுதிப் பருவங்கள் சில எனக்கே கொட்டாவி வரவழைத்தன. ஆயினும் வாதிடும் முறை ஒன்றுதானே?

மறுநாள் தமிழ்மொழிப் பாடவேளையில் அந்த நால்வரையும் வகுப்பின் முன் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னேன். தமிழில் மட்டும் பேச வேண்டும் என்பதே நிபந்தனை. கட்டுரை எழுதச் சொன்னால் ஐந்து வரிக்குமேல் எழுதாத மாணவன் ஒருவன், 'விளைவு', 'பொறுப்பு' என்ற சொற்களை என்னிடம் கேட்டு வாங்கிப் பேசினான். மணி அடித்தும் எவரும் எழவில்லை.

பாடம் முடிந்ததும் அந்த மாணவி என் மேசையருகே வந்தாள். "டீச்சர், சிஸ்கோ உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

வெகுநேரம் யோசித்து, "தெரியவில்லையம்மா" என்றேன்.

"அப்போ நீங்களும் பேரி மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.