வலிக்கலைன்னு சந்தோஷப்படாதீங்க சாமி!

"பத்து வருஷமா சுகர் இருக்கு, ஆனா கால்ல ஒரு வலி கிடையாது தெரியுமா"ன்னு பெருமையா சொல்றவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. வலி இல்லாததெல்லாம் ஆரோக்கியம் இல்லைங்க. பல நேரம் அதுதான் வியாதியே.

நான் ஒண்ணும் புதுசா சொல்லிடல. எங்க சந்தவாசல்ல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்கு முன்னப்பின்ன வந்துடும் வேலூர். அங்க எழுபது வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுபோன சங்கதி இது. தெரிஞ்சுக்கிட்டவர் பால் பிராண்ட். 1914-ல நம்ம கொல்லிமலையில பிறந்து, 1946-ல சி.எம்.சி.க்கு வந்த வெள்ளைக்கார டாக்டர்.

அப்போ எல்லாரும் நம்பினது என்ன? குஷ்டம் வந்தா சதை அழுகி விரல் உதிரும். அதுவும் செஞ்ச பாவத்துக்குத் தண்டனையா. 1954-ல வந்த 'ரத்தக் கண்ணீர்' இதை நம்ம மண்டையில ஆணி அடிச்சு இறக்கிடுச்சு. எம்.ஆர். ராதா நடிப்புக்கு நானும் ரசிகன்தான். ஆனா ஒரு கிருமியால வர்ற நோயை ஒழுக்கக் கேட்டுக்குக் கிடைச்ச கூலியா மூணு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த படம் அது. விளைவு? கூட்டு மருந்துல குணமாகிற நோயை, விவாகரத்துக்குக் காரணமா 2019 வரைக்கும் சட்டத்துல வெச்சிருந்தோம்.

பிராண்டும் அவர் கூட இருந்தவங்களும் பார்த்தது வேற. கிருமி நரம்பைக் கெடுக்குது. நரம்பு கெட்டா தொடு உணர்ச்சி போயிடுது. அதுக்கப்புறம் விரலைத் தின்னது கிருமி இல்ல. சூடான பாத்திரம், செருப்புக்குள்ள ஏறின ஆணி, புண்ணாகியும் அதே இடத்தை ஊனி நடந்த நடை. ராத்திரி தூங்கி எழுந்தா சிலருக்கு விரல் துண்டு காணோம். காவல் இருந்து பார்த்தா, எலி! கடிபட்டவருக்குத் தூக்கம்கூடக் கலையல. மூளை நல்லாத்தான் இருந்தது. அதுக்குச் சேதிதான் போகல.

இப்போ சுகருக்கு வாங்க. கிருமி கிடையாது, ஆனா கதை அதேதான். உடம்புலயே நீளமான நரம்பு கால் விரலுக்குப் போறது. அதனால அதுதான் முதல்ல அடி வாங்கும். உணர்ச்சி போறதோட நிக்காது. பாதத்துல இருக்கிற சின்னத் தசைகள் சுருங்கி விரல் மடங்கும், மொத்த எடையும் ஒரே இடத்துல அழுத்தும். வேர்வை நின்னு தோல் காய்ஞ்சு வெடிக்கும். வெடிப்புல கிருமி நுழையும். வலிக்காது. கடைசியில நாத்தம் வந்தப்புறம்தான் வீட்டுக்கே தெரியும். அப்புறம் விரல், அப்புறம் கால்.

1966-ல பிராண்ட் அமெரிக்காவுல லூசியானா பக்கம் கார்வில்லுக்குப் போனார். வேலூர்லயும் காரிகிரியிலயும் கத்துக்கிட்டதை அங்க சுகர்காரங்க காலைக் காப்பாத்தப் பயன்படுத்தினார். நம்ம மண்ணுல பிறந்த அறிவு கடல் தாண்டிப் போச்சு. கண்ணமங்கலம் தாண்டி சந்தவாசலுக்கு வரல. இதுக்கு யாரைத் திட்டறது?

முதல்ல நம்மளைத்தான். நரம்பு செத்த காலுக்குன்னே மெத்துனு எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இருக்கு. போடச் சொன்னா, "அது குஷ்டக்காரங்க செருப்பாச்சே"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. பார்த்தீங்களா, ஊரு இன்னொருத்தனை ஒதுக்கி வெச்ச புத்தி இப்போ நம்ம காலையே வெட்டுது.

ரெண்டாவது, சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரை எழுதிட்டு, ஒரு தடவைகூடச் செருப்பைக் கழட்டச் சொல்லாத டாக்டருங்க. பத்து கிராம் அழுத்தத்துல வளையற ஒரு நைலான் இழை போதும். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கால்ல நாலு இடத்துல தொட்டா, உணர்ச்சி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். ரெண்டு நிமிஷ வேலை. இந்தியாவுல சுகர்காரங்க பத்து கோடிக்கு மேலன்னு 2023-ல ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லுச்சு. அத்தனை பேர்ல எத்தனை பேர் காலை யார் தொட்டுப் பார்த்தாங்க?

மூணாவது, பக்தி. ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளுக்கு நடக்கிறோம், பௌர்ணமிக்கு அண்ணாமலையில பதினாலு கிலோமீட்டர் சுத்தறோம். நடங்க, நான் வேணாங்கல. ஆனா உணர்ச்சி போன காலோட வெறுங்கால்ல வெயில் தார் ரோட்டுல நடந்துட்டு, "அம்மன் அருள், சூடே தெரியல"ன்னு சொல்லாதீங்க. அது அருள் இல்ல, நரம்பு. கோயில் வாசல் வரைக்கும் செருப்பு போட்டா ஆத்தா ஒண்ணும் கோச்சுக்க மாட்டா.

இதே "வலிக்கல"தான் பக்கவாதத்துலயும் ஆளைக் கவுக்குது. அங்க கை கால் நல்லாத்தான் இருக்கு, கெட்டது மூளை. மூளைக்குன்னு வலி உணர்ச்சி கிடையாது. இடப்பக்க மூளையில ரத்தக்குழாய் அடைச்சா வலது கை விழும், வாய் கோணும், பேச்சு குழறும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே "கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாப்போயிடும்"ம்பாங்க. இல்லைன்னா புறா ரத்தம் தேய்க்கக் கூட்டிட்டுப் போவாங்க. அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதுவும் ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லைன்னு பார்த்த பிறகு. ஜவ்வாது மலை மேலிருந்து இறங்கி வர்றவங்களுக்கு இறங்கறதுலயே பாதி ஓடிடும். மிச்சத்தையும் புறாவுக்குக் கொடுத்தா எப்படி? உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

மத்தபடி உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது சுகர் இருக்கா? இன்னிக்கு ராத்திரி அவங்க உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. வெடிப்பு, கொப்புளம், விரல் இடுக்குல ஈரம், ஒட்டின கல்லு... எதையும் விடாதீங்க. வலிக்குதான்னு மட்டும் கேக்காதீங்க. அந்தக் கேள்விக்குத்தான் அந்தக் கால் பொய் சொல்லும்.

டிஸ்கி: "சும்மா பயமுறுத்தறான்"னு திட்ட வர்றவங்க, முதல்ல அப்பாவோட காலைப் பார்த்துட்டு வந்து திட்டுங்க :-)